ஒன்பதாம் வகுப்பு வரை

அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவனுடைய மகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் வளர்ந்து ஆளாக வேண்டும்.

கருங்கல்லில் சந்தைக்குப் போகிற ரோட்டில் மிக்சிக்கும் மோட்டாருக்கும் காயில் சுற்றுகிற சின்னக் கடை ஒன்றை அவன் வைத்திருந்தான். போன வருடம் அதைப் பூட்டிவிட்டு மறுபடியும் சவூதிக்குப் போய்விட்டான். குட்டையான ஆள். எதிரில் வருகிறவர்களையெல்லாம் ஒரு வரிசையில் நிறுத்தப்போகிறவன் போல இரண்டு கைகளையும் அகல வீசி நடப்பான். குரல் சின்ன வயதிலேயே உடைந்துபோனது. அது உடைந்த கதையை எங்கள் வகுப்பில் எல்லாரும் சொல்வார்கள்.

எங்கள் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் பாடம் நடக்காது. ஒருநாள் விளையாட்டுப் போட்டி, ஒருநாள் மாறுவேடப் போட்டி, கடைசி நாள் சீருடை இல்லாமல் கலர் உடுப்பு. மாணவர்களை நான்கு நிறங்களாகப் பிரித்திருந்தார்கள். நாங்கள் பச்சை. எட்டாம் வகுப்பில் விளையாட்டுப் போட்டியன்று அவன் உடம்பு முழுக்க வாழையிலையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். தலையில் கமுகம் பாளை. ஓட்டத்தில், தாண்டுதலில், கயிறு இழுத்தலில் எதிலும் பச்சை ஜெயிக்கவில்லை. அவன் மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை மைதானத்தின் ஓரமாக எங்களோடு ஓடி ஓடிக் கத்திக்கொண்டிருந்தான். கடைசியாக வந்த பெண்ணைக்கூட முதலாவதாக வந்தவளைப் போல வரவேற்றான். சாயங்காலம், நன்றாக உற்சாகப்படுத்திய அணி என்று எங்களுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அப்படி ஒரு கேடயம் அதுவரை கிடையாது, அவனுக்காகவே யோசித்து உண்டாக்கியது. மூன்று நாள் அவனுக்குப் பேச்சு வரவில்லை. நான்காம் நாள் வந்த குரல்தான் பிறகு நிலைத்துவிட்டது.

மாறுவேடப் போட்டியில் அவன் ஒருதடவையும் மேடை ஏறியதில்லை. மற்றவர்களுக்கு வேஷம் கட்டிவிடுவான். அவனுடைய அப்பா அருமனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார், அம்மா அண்டியாபீசில் முந்திரி உடைத்தாள். நான் ரோமப் போர்வீரனாகப் போவதென்று தீர்மானமானபோது, புகைபோட்டுக் காயவைத்த ரப்பர் ஷீட் இரண்டை எடுத்து வந்து, கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி, எனக்கு மார்க்கவசம் செய்துவிட்டான். பொன்னிறமாக மின்னியது, நாற்றம்தான் தாங்கவில்லை. நடுவராக வந்த கன்னியாஸ்திரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே எனக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார். ஷீட் தோட்டக்காரருக்குச் சொந்தமானது. மறுநாள் அவன் முதுகில் தடிப்புத் தடிப்பாக இருந்தது. முதல் பரிசே கிட்டியிருக்கணும், தொப்பியில் கோட்டை விட்டுட்டோம் என்று மட்டும் வருத்தப்பட்டான்.

இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்தபோது எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. குரலைக் கேட்டதும் தெரிந்தது. சவூதியில் தம்மாமில் ஏசி வேலை, போதும் என்று திரும்பிவிட்டான், கல்யாணமாகி ஒரு மகள். இதையெல்லாம் அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் பெயர்களை வருகைப் பதிவேட்டின் வரிசையில் சொல்ல ஆரம்பித்தான். ஒன்று முதல் நாற்பத்தாறு வரை. பதினொன்று நான், பன்னிரண்டு அவன். இருபத்தெட்டில் கொஞ்சம் நின்று, அவள் பிரசவத்தில் இறந்துபோனதைச் சொல்லிவிட்டு இருபத்தொன்பதுக்குப் போனான். முடித்ததும் கண்ணைத் திறந்தான்.

"எல்லாரையும் கூட்டணும் மக்கா. நம்ம ஸ்கூலாக்கும்."

அந்த ஆக்கும் என்பதில் அவன் கொடுத்த அழுத்தம் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஏனென்றால் பத்தாம் வகுப்பை அவன் அங்கே படிக்கவில்லை.

அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளி பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டுகிற பள்ளி. வாசலில் பெயர்ப்பலகையை விடப் பெரிதாக அதை எழுதி வைத்திருப்பார்கள். நூறு எப்படி வருகிறதென்று ஊருக்குத் தெரியும். தேறமாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் அவன் கணக்கில் முப்பத்தொன்று. நான் இருபத்தொன்பது. விடைத்தாள் கட்டு திருத்தி வந்த மறுநாள், கிராம அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த என் அப்பா வெள்ளை வேட்டி உடுத்திக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்க்கப் போனார். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். நான் பத்தாம் வகுப்புக்குப் போனேன்.

ஒரு வாரம் கழித்து அவனை ஆபீஸ் வராந்தாவில் பார்த்தேன். அம்மாவோடு நின்றான். அண்டியாபீசிலிருந்து அப்படியே வந்திருந்தாள், முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் கருத்திருந்தன. டி.சி. புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது விரலைச் சேலையில் மறுபடி மறுபடி துடைத்தாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வருடம் விளையாட்டுப் போட்டியன்று மதில் சுவருக்கு வெளியே ரோட்டிலிருந்து பச்சைக்காக ஒரு குரல் கேட்டது. அவன்தான். அரசுப் பள்ளியின் காக்கி நிக்கரோடு ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, எங்கள் பெயர்களைச் சொல்லிச் சொல்லிக் கத்தினான். எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டிரில் மாஸ்டர் காவல்காரரை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் குரல் நின்றது.

இப்படிப்பட்டவன்தான் வந்து நம்ம ஸ்கூல் என்றான். அவன் வெட்கப்படவில்லை. நான்தான் அவனுக்குப் பதிலாக வெட்கப்பட்டேன்.

ஆறு மாதத்தில் நாற்பத்தொரு பேரைக் கண்டுபிடித்துவிட்டான். வாட்ஸ்அப் குழு தொடங்கினான். துபாயில் இருப்பவன், பேச்சிப்பாறையில் ஆஸ்பத்திரி நர்ஸ், கடலுக்குப் போகிறவன், பால்வாடி டீச்சர், எல்லாருக்கும் தினமும் காலை வணக்கம் சொன்னான். பிறந்தநாள்கள் அவனுக்குத் தெரிந்திருந்தன. யாராவது குழுவைவிட்டு வெளியேறினால் வீட்டுக்கே போய்த் திரும்ப அழைத்து வந்தான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வெளிநாட்டுக்காரர்கள் வருகிற சமயம் பார்த்து, பள்ளி மைதானத்திலேயே முதல் சங்கமத்தை நடத்தினான். நான் பொறியியல் கல்லூரியில் வாத்தியாராக இருந்தேன், பெயருக்கு முன்னால் முனைவர் உண்டு. அதனால் என்னைத் தலைவராகப் போடவேண்டும் என்று அவனே சொன்னான். அழைப்பிதழில் அவன் பெயர் இல்லை. வேண்டாம் என்றான். பெரும்பாலானவர்கள் அவனும் எங்களோடு பத்தாவது எழுதியவன் என்றே நினைத்தார்கள். நான் திருத்தவில்லை, அவனும் திருத்தவில்லை.

மூன்றாவது வருடம் தாளாளருக்கு இதில் ருசி தட்டிவிட்டது. பழைய மாணவர்கள் வந்தால் ஊரில் பேச்சு, சேர்க்கைக்கு நல்லது. ஒரு வாரம் முழுக்க விழா வாரம் என்று அறிவித்து, நாளுக்கொரு உடுப்பு வைத்தார். மாணவர்களோடு பழைய மாணவர்களும் வரலாம். முதல் நாள் அணி நிறம். இரண்டாம் நாள் பாரம்பரிய உடை. மூன்றாம் நாள், வளர்ந்ததும் என்னவாக ஆசையோ அந்த வேஷம். நான்காம் நாள் பழைய மாணவர்களும் சீருடை போட வேண்டும். சனிக்கிழமை சங்கமம்.

அந்த வாரம் முழுக்க அவன் கடையைத் திறக்கவில்லை. தொப்பை விழுந்த ஆண்களுக்கும் மூட்டுவலிப் பெண்களுக்கும் அளவெடுத்து, வெள்ளைச் சட்டையும் நீல பேன்ட்டும் சுடிதாரும் தைக்கக் கொடுத்து வாங்கி வந்தான். வேட்டி கட்டத் தெரியாமல் நின்ற துபாய்க்காரனுக்குக் கட்டிவிட்டான். நான்காம் நாள் தானும் சீருடையில் வந்தான், கழுத்தில் டை, தலையில் எண்ணெய் வைத்து நடுவகிடு. அப்படியே ஒன்பதாம் வகுப்புப் பையன். பார்த்த எல்லாரும் சிரித்துச் சிரித்துப் போட்டோ எடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனுடைய மகள் அந்தப் பள்ளியில்தான் படித்தாள். ஒன்பதாம் வகுப்பு. மூன்றாம் நாள், டாக்டர்களும் கலெக்டர்களும் விமானிகளும் மைதானத்தில் அலைந்துகொண்டிருந்தபோது, அவள் டிராக் பேன்ட்டும் தொப்பியும் விசிலுமாக வந்தாள். டிரில் டீச்சராம். வந்தவள் சும்மா நிற்கவில்லை. விசிலை ஊதி ஊதிச் சின்னக் கலெக்டர்களை இரண்டு வரிசையில் நிறுத்திக் கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொன்னாள். உண்மையான டிரில் டீச்சர் இடுப்பில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பனை உரித்து வைத்திருக்கிறாள் என்று நான் சொன்னேன். அவன் முகம் சட்டென்று மாறிவிட்டது.

அன்று சாயங்காலம் தோரணம் கட்டுவதற்கு அவன் ஏணியில் ஏறியிருந்தான், நான் கீழே பிடித்துக்கொண்டிருந்தேன். மேலே நின்றபடி, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"எனக்க பிள்ளைக்குக் கணக்கு ஏறல்ல மக்கா. மத்ததெல்லாம் செரியா எழுதுவா. ஒம்பதோட நிறுத்தி டி.சி. குடுத்துருவாவளோன்னு பயமா கெடக்கு. நீ கரஸ்பாண்டன்ட்டுட்ட ஒரு வாக்கு பறஞ்சா மதி."

நான் பார்க்கலாம் என்றோ என்னவோ முனகினேன். அவன் ஒரு முடிச்சைப் போட்டு முடித்துவிட்டு இரண்டு படி இறங்கி வந்தான்.

"அண்ணைக்கு உனக்க அப்பா போய்ப் பறஞ்சாரு. எனக்குப் பறைய ஒரு ஆளில்ல. எனக்க மவளுக்கு நீ உண்டுல்லா."

உனக்கு அது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான், விடைத்தாள் கட்டை ஸ்டாஃப் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனதே அவன்தான். என் தாள் அவன் தாளுக்கு மேலே இருந்திருக்கிறது, மார்க்கைப் பார்த்திருக்கிறான். இத்தனை வருடமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொன்னபோதும் குரலில் கோபம் இல்லை, மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னான். நான் தாளாளரிடம் கட்டாயம் பேசுவதாக வாக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. மூன்று வருடமாகக் கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு அவன் அந்த மைதானத்தில் ஓடியதெல்லாம் இந்த ஒரு வாக்குக்காகத்தானா? இல்லை, பள்ளி மேல் உண்மையாகவே அவ்வளவு ஆசையா? இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது முதலாவதையே பிடித்துக்கொண்டேன். அவனும் கணக்குப் போட்டுத்தான் பழகியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது.

சனிக்கிழமை வாசலில் பெயர் அட்டை கொடுத்தார்கள். பத்தாம் வகுப்புப் பதிவேட்டைப் பார்த்து ஆபீசில் தயாரித்தவை. அவன் பெயருக்கு அட்டை இல்லை. அட்டை கொடுத்துக்கொண்டிருந்த பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள், பாவம், ஒரு வெற்று அட்டையை எடுத்து விருந்தினர் என்று எழுதி நீட்டினாள். அவன் அதை வாங்கிச் சட்டைப் பைக்கு மேலே குத்திக்கொண்டு, பந்தி எப்படி நடக்கிறதென்று பார்க்கப் போய்விட்டான்.

மேடையில் தாளாளர் என் தோளில் பொன்னாடை போர்த்தினார். இந்தப் பள்ளி ஒரு பிள்ளையையும் கைவிட்டதில்லை, அதற்கு இதோ முனைவரே சாட்சி என்றார். பிறகு நூறு சதவீதத்தைப் பற்றிப் பேசினார். கைதட்டலை முதலில் ஆரம்பித்தது பந்தலின் கடைசியில் நின்ற அவன்தான், எனக்கு மேடையிலிருந்து தெரிந்தது.

கடைசியாகப் பத்தாம் வகுப்புக் குழுப் படம். வராந்தாவில் சட்டமிட்டு மாட்டப் போவதாகச் சொன்னார்கள். உயரமானவர்களைப் பின்னால், பெண்களை நாற்காலியில், என்னைத் தாளாளருக்குப் பக்கத்தில் என்று எல்லாரையும் அவன்தான் கையைப் பிடித்து நிறுத்தினான். எல்லாம் சரியானதும் போட்டோக்காரருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, சிரிக்கச் சொன்னான். நாற்காலியிலிருந்த பால்வாடி டீச்சர், நீயும் வாலே, எங்க போற என்றாள். அவன் என்னைப் பார்த்தான். வா என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் தாளாளர் இருந்தார், பதிவேடு அவர் மேசையில் இருந்தது. நான் கேமராவைப் பார்த்தேன். படம் எடுத்துவிட்டார்கள்.

தாளாளரை அதற்குப் பிறகு மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை அவர் அறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் தடவை என் மகனுக்காகப் போனேன். மகன் அதே பள்ளியில் பத்தாவது, பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப் வேண்டியிருந்தது, அரையாண்டு மதிப்பெண் கொஞ்சம் இடித்தது. தாளாளர் சிரித்துக்கொண்டே, நம்ம பிள்ளை, பார்த்துக்கலாம் சார் என்றார். மூன்றாம் தடவை, மார்ச் கடைசியில், அவனுடைய மகளுக்காக மட்டும் போனேன். டீ வந்தது. விழா வாரத்தைப் பற்றிப் பேசினோம். நான் டம்ளரைக் கீழே வைத்தபோது, வேற ஒண்ணும் இல்லியே சார் என்று கேட்டார். ஒருவன் எத்தனை பேருக்காகக் கேட்கலாம், இரண்டாவதைக் கேட்டால் முதலாவது போய்விடுமோ என்று ஓடியது மனம். இல்லை சார் என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

மே மாதம் அவளுக்கு டி.சி. கொடுத்தார்கள். குழுவில் அவன் ஒன்றும் எழுதவில்லை. டிரில் டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவனிடமிருந்து போன் வரும் என்று பத்து நாள் பயந்துகொண்டிருந்தேன். வரவில்லை. என் மகனுக்கு முதல் குரூப் கிடைத்தது.

ஜூன் முதல் வாரம், பள்ளி திறக்கிற நேரம், கருங்கல்லில் மழை பிடித்துக்கொண்டது. பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடையின் தகரச் சார்ப்புக்கு அடியில் ஒதுங்கினேன். உள்ளேயிருந்து அவனும் மகளும் வந்தார்கள். அவள் கையில் அரசுப் பள்ளிச் சீருடைத் துணி. தெருவில் தண்ணீர் முழங்கால் அளவு ஓடியது, எங்கேயும் போக முடியாது.

அவன் என் தோளில் கையை வைத்தான்.

"நீ போய்ப் பறஞ்சிருப்ப. எனக்குத் தெரியும். அவரு கேக்கல்லன்னா நீ என்ன செய்வ மக்கா. அத மனசுல வச்சுட்டு எனக்க மொகத்துல முழிக்காம இருக்காத."

நான் தலையை ஆட்டினேன். அதோடு போயிருக்கும். ஆனால் அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பனைப் போலச் சிரிக்கவில்லை.

"மாமா, சாருட்ட நீங்க என்ன பறஞ்சீங்க?"

மழைச் சத்தத்தில் கேட்காதது போல இருந்திருக்கலாம். அவன் மறுமொழியை எதிர்பார்த்து என் பக்கம் சாய்ந்து நின்றான். நான் சொல்ல ஆரம்பித்தேன். இந்தப் பிள்ளை மொழிப் பாடத்திலும் அறிவியலிலும் நன்றாக எழுதுகிறவள், கணக்குக்கு மட்டும் ஒரு வருடம் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் கட்டாயம் தேறிவிடுவாள், சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னதாகச் சொன்னேன். விசிலோடு வந்து முப்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாளே, அப்படி ஒரு பிள்ளையை வெளியே அனுப்பினால் நஷ்டம் பள்ளிக்குத்தான் என்று சொன்னதாகச் சொன்னேன். நானே ஒன்பதாம் வகுப்பில் இருபத்தொன்பது வாங்கியவன், என்னை வைத்துக்கொண்டீர்களே என்று கேட்டதாகவும் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு சொல் தடுக்கவில்லை. மூன்று மாதமாக உள்ளே தயாராக இருந்தது போல வந்தது.

அவள் முழுவதையும் கேட்டாள். கேட்கக் கேட்க முகம் இளகியது. கடைசியில் மெதுவாக, தேங்க்ஸ் மாமா என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் தலையில் கையை வைத்தான்.

"கேட்டியா மக்களே. நமக்காவும் ஒரு ஆளு போய்ப் பேசியிருக்கு."

மழை விடவில்லை. நான் பைக்கை எடுத்தேன்.